பென்சீன் ஊறிய சீட், பேட், பூட்ஸ்: ஆவி எவ்வளவு நேரம் வரும் என்பதை மாற்றுத் திரவம் வைத்துக் கணிக்க முடியுமா?

கவசக்கை:

வணக்கம் நண்பர்களே. பென்சீன் கையாளும் ஒரு யூனிட்டில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். சமீபத்தில் ஹோஸ் இணைப்பு ஒன்று கழன்று கொஞ்சம் பென்சீன் சிந்திவிட்டது. உறிஞ்சும் பேட் போட்டு எடுத்தது, இடத்தைக் காலி செய்தது எல்லாம் முறைப்படிதான் நடந்தன. தலைவலி அதற்கு அப்புறம்தான். தொடைப்பக்கம் நனைந்த கவராலோடு (உடல் முழுக்க மூடும் வேலை உடை) ஒருவர் ஃபோர்க்லிஃப்டில் ஏறி, அதை ஓரமாக நகர்த்தி நிறுத்தியிருக்கிறார். அடுத்த ஷிஃப்டில் வண்டியை எடுக்க வந்தவர் சீட்டிலிருந்து வாடை வருகிறது என்று சொல்லி இறங்கிவிட்டார்.

காற்றில் கரைப்பான் ஆவி எவ்வளவு என்று காட்டும் பிஐடி மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். சீட்டுக்கு ஒரு அடி மேலே பிடித்தால் ஒன்றுமே இல்லை. தையல் ஓரமாக வைத்தால் எண் ஏறுகிறது. கையால் சீட்டை ஒரு அமுக்கு அமுக்கினால் சடாரென்று ஏறி, விட்டதும் மெல்ல இறங்குகிறது. அதாவது, சும்மா நிற்கும் வண்டியை அளந்தால் "பிரச்சினை இல்லை" என்று எழுதிவிடலாம். ஆள் உட்கார்ந்தால்தான் வெளியே வருகிறது.

இப்போது மேலிடத்துக் கேள்வி இதுதான்: சீட், கவரால், ரப்பர் பூட்ஸ், பயன்படுத்திய பேட் இவற்றையெல்லாம் எத்தனை மணி நேரம் தனியாக வைத்தால் மறுபடி தொடலாம்? சூப்பர்வைசர் "வெயிலில் ஒரு மணி நேரம் போடுங்க, பறந்துடும்" என்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சோதித்துப் பார்த்துச் சொல்லலாம் என்றால், எங்கள் ஆய்வகத்தில் பென்சீனை வேண்டுமென்றே ஊற்றிப் பார்க்க அனுமதி கிடையாது. அனுமதி கிடைத்தாலும் நான் செய்ய மாட்டேன்.

அதனால் ஆபத்துக் குறைந்த வேறு திரவத்தை அதே பொருள்களில் ஊற்றி, ஆவி வெளிவரும் வேகத்தை அளந்து, அதிலிருந்து பென்சீனைக் கணிக்கலாமா? எந்தத் திரவம்? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்வழி:

சைக்ளோஹெக்சேன். கொதிநிலை 80.7 டிகிரி, பென்சீனுக்கு 80.1. ஆவியழுத்தம் (திரவம் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதன் அளவு) 25 டிகிரியில் இரண்டுக்கும் 95 முதல் 98 மிமீ பாதரசத்துக்குள். பென்சீன் மாதிரி புற்றுநோய்ப் பட்டியலில் இல்லை. வாங்கவும் சுலபம். தீப்பிடிக்கும் என்பது மட்டும் கவனம், அதன் தீப்பற்று வெப்பநிலை (பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளும் குறைந்தபட்ச வெப்பநிலை) பென்சீனைவிடவும் கீழே. வேறென்ன வேண்டும்?

ஆவிபிடி:

நேர்வழி கொடுத்த எண்கள் எல்லாம் சரி. ஆனால் அவற்றை மட்டும் நம்பி அந்த ஃபோர்க்லிஃப்டை வேலைக்கு அனுப்பினால் வம்புதான். பொருள்களைச் சோதனைப் பெட்டிக்குள் வைத்து, அவற்றிலிருந்து வரும் ஆவியை அளப்பதுதான் என் பிழைப்பு. அந்த உரிமையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆவியழுத்தம் திரவத்தின் குணம். தட்டில் ஊற்றி வைத்த திரவத்துக்கு அது போதும். உங்கள் சீட்டில் இருப்பதோ, ஃபோமும் மேலுறையும் தமக்குள்ளே கரைத்து வைத்துக்கொண்ட பென்சீன். அது வெளியே வருமா, எவ்வளவு வேகமாக வரும் என்பதில் அந்தப் பொருளுக்கும் பாதிப் பங்கு உண்டு.

பேச்சுக்கு மூன்று திரவங்களை எடுத்துக்கொள்வோம்: பென்சீன், சைக்ளோஹெக்சேன், எத்தில் அசிடேட். 25 டிகிரியில் மூன்றின் ஆவியழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எல்லாம் 95 மிமீயை ஒட்டியே வரும். கண்ணாடித் தட்டில் வைத்தால் மூன்றும் முன்னே பின்னே காய்ந்துவிடும். இப்போது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறையிலிருந்து வெட்டிய துண்டு ஒவ்வொன்றை இவற்றில் ஊறப் போடுங்கள். பென்சீனிலும் எத்தில் அசிடேட்டிலும் போட்ட துண்டுகள் உப்பி, ஓரம் சுருண்டு, கண்ணுக்கே பெரிதாகத் தெரியும். சைக்ளோஹெக்சேனில் போட்டது ஏறக்குறைய போட்டபடியே திரும்பி வரும். அதே விளையாட்டை இயற்கை ரப்பரில் செய்தால் கதை தலைகீழ்: சைக்ளோஹெக்சேனில் பூதம் மாதிரி உப்பும், பென்சீனிலும் உப்பும், எத்தில் அசிடேட்டில் அந்த அளவுக்கு இல்லை.

ஆக, ஒரே ஆவியழுத்தம் உள்ள மூன்று திரவங்களில் எது பென்சீன் மாதிரி நடந்துகொள்கிறது என்பது எந்தப் பொருள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. நைட்ரைலில் சைக்ளோஹெக்சேனை வைத்துக் கணித்தால், "உள்ளே போனதே கொஞ்சம், அதுவும் சீக்கிரம் வந்துவிட்டது, சுபம்" என்று ரிப்போர்ட் வரும். நிஜத்தில் பென்சீன் உள்ளே குடியிருக்கும்.

இதை முன்கூட்டியே ஊகிக்க ஹில்டபிராண்ட் கரைதிறன் அளவுரு என்று ஒன்று உண்டு. அளவுரு நெருங்கியவை ஒன்றில் ஒன்று கரையும். மெகாபாஸ்கலின் இருபடி மூல அலகில் பென்சீன் சுமார் 18.8, டொலுவீன் 18.2, எத்தில் அசிடேட்டும் கிட்டத்தட்ட அதே, சைக்ளோஹெக்சேன் 16.8. ஆனால் டொலுவீனும் எத்தில் அசிடேட்டும் ஒரே எண் என்றாலும் இயற்கை ரப்பருக்கு அவை ஒன்றல்ல. எத்தில் அசிடேட்டுக்கு முனைவுத்தன்மை (மூலக்கூறுக்குள் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது) இருக்கிறது, ரப்பருக்கு அது ஆகாது. அதனால்தான் 1967இல் சார்லஸ் ஹான்சன் அந்த ஒற்றை எண்ணை மூன்றாகப் பிரித்தார்: சிதறல் விசைக்கு ஒன்று, முனைவுக்கு ஒன்று, ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒன்று. மாற்றுத் திரவம் தேர்ந்தெடுக்கும்போது இந்த மூன்றையும் பாருங்கள், ஆவியழுத்தத்தை அப்புறம் பாருங்கள். ஆவியழுத்த வித்தியாசத்தைக் கணக்கில் சரிக்கட்டலாம். கரைதிறன் வித்தியாசத்தைச் சரிக்கட்டுவது கஷ்டம்.

என் தேர்வு டொலுவீன். பென்சீனின் அண்ணன் மாதிரி, அதே வளையம், ஒரு மெத்தில் கூட. ரப்பர், ஃபோம், வினைல் எதைக் கொடுத்தாலும் ஏறக்குறைய பென்சீன் வழியிலேயே போகும். டொலுவீனும் சாது இல்லை. அமெரிக்கப் பணியிடச் சுகாதார நிபுணர்கள் அமைப்பான ஏசிஜிஐஹெச் பரிந்துரைக்கும் எட்டு மணி நேர வரம்பு 20 பிபிஎம்தான் (காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்கு). ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம்ஹூட் இல்லாமல் தொடாதீர்கள். ஆனால் பென்சீனுக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வரம்பு 1 பிபிஎம் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

சைக்ளோஹெக்சேனைத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. உங்கள் பாலிப்ரொப்பிலீன் பேட்டுக்கு நேர்வழி சொன்னது நன்றாகவே பொருந்தும். அந்தப் பேட் திரவத்தைக் கரைத்துக்கொள்வதைவிட, இழைகளுக்கு நடுவே நுண்புழை விசையால் பிடித்து வைத்திருப்பதே அதிகம். அங்கே திரவம் திரவமாகவே இருக்கிறது, ஆகவே ஆவியழுத்தம்தான் ராஜா. இன்னொன்று: பேட் போட்டால் ஆவி அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அடங்காது. திரவம் பரந்து விரிந்த இழைகளின் மேல் படர்வதால் தரையில் தேங்கி நிற்பதைவிட வேகமாகவே ஆவியாகலாம். பேட் தரையைச் சுத்தம் செய்யும், காற்றை அல்ல.

நேர்வழி:

சரி, பேட் விஷயத்திலாவது ஜெயித்தேன் :) ஆனால் ஒன்று. ஏ வகை முகமூடி ஃபில்டர்களை ஐரோப்பியத் தரநிலை இஎன் 14387 சைக்ளோஹெக்சேனை வைத்துத்தானே சோதிக்கிறது? கரைப்பான் ஆவிகள் எல்லாவற்றுக்கும் பிரதிநிதியாக அது ஒன்றையே நிறுத்துகிறார்களே?

ஆவிபிடி:

நல்ல கேள்வி. அங்கே உறிஞ்சும் பொருள் கிளர்வூட்டிய கரி. கரியில் நடப்பது பரப்புக் கவர்ச்சி: ஆவி மூலக்கூறுகள் நுண்துளைகளின் சுவரில் ஒட்டுகின்றன, கரி உப்புவதில்லை. கொதிநிலை ஒத்த கரைப்பான்கள் அதில் ஓரளவு ஒத்தே நடக்கும். அது தவிர, அந்தச் சோதனை ஃபில்டர்களைத் தரம் பிரிப்பதற்கு. குறிப்பிட்ட ஒரு ஆவி எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று சொல்வதற்கு அல்ல. கரியின் கொள்திறனை முன்பு கார்பன் டெட்ராகுளோரைடு வைத்து அளந்தார்கள். அது நச்சு, ஓசோனுக்கும் கேடு என்பதால் பியூட்டேனுக்கு மாறினார்கள், இரண்டுக்கும் இடையே மாற்றுக் கணக்கும் போட்டு வைத்திருக்கிறார்கள். மாற்றுப் பொருள் என்ற யோசனையே அப்படி வளர்ந்ததுதான். ஒரு பொருளுக்குப் போட்ட கணக்கை இன்னொரு பொருளுக்கு எடுத்துக்கொண்டு போனால்தான் கோளாறு.

கவசக்கை:

மிக்க நன்றி. டொலுவீன் என்றால் எங்கள் ஆய்வகத்திலேயே செய்ய முடியும். ஒரு சந்தேகம். டொலுவீனின் ஆவியழுத்தம் 25 டிகிரியில் 28 மிமீ. பென்சீன் 95. அப்படியென்றால் டொலுவீனில் அளந்த வேகத்தை 3.3ஆல் பெருக்கினால் பென்சீன் வந்துவிடுமா? நேரத்தை 3.3ஆல் வகுத்துவிடலாமா?

ஆவிபிடி:

இதுதான் எல்லோரும் விழும் குழி. விழுவதற்கு முன் கேட்டீர்கள், சந்தோஷம்.

ஆவி வெளியே வருவதில் இரண்டு கட்டம் உண்டு. உள்ளே இருக்கும் மூலக்கூறு பொருளுக்குள்ளேயே ஊர்ந்து மேற்பரப்புக்கு வர வேண்டும், இது விரவல். மேற்பரப்பிலிருந்து அதைக் காற்று வாரிக்கொண்டு போக வேண்டும். இரண்டில் எது மந்தமோ அதுதான் மொத்த வேகத்தைத் தீர்மானிக்கும்.

காற்று மந்தம் என்றால், அதாவது காற்றோட்டம் குறைவு, பொருள் மெல்லியது என்றால், நீங்கள் சொன்ன 3.3 ஓரளவு சரி. இரண்டும் அந்தப் பொருளில் ஒரே மாதிரி கரைவதால், மேற்பரப்புக்கு மேலே நிற்கும் ஆவியின் அடர்த்தி ஆவியழுத்த விகிதத்திலேயே இருக்கும். ஆனால் பொருள் மந்தம் என்றால் ஆவியழுத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. மேற்பரப்புக்கு வந்த மூலக்கூறு எதுவானாலும் உடனே பறந்துவிடும், வந்து சேர்வதுதான் தாமதம். அப்போது பெருக்க வேண்டிய எண் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பென்சீன் சற்றுச் சிறிய மூலக்கூறு, மோலார் பருமன் 89 கன செமீ, டொலுவீனுக்கு 106. அதனால் பென்சீன் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஊரும்.

ஆக, தடித்த ரப்பர் சோலில் அளந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு 3.3ஆல் வகுத்தால், பென்சீன் நிஜமாகக் காலியாவதற்கு வெகு முன்பே "காலி" என்று கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள்.

எந்தக் கட்டம் மந்தம் என்று கண்டுபிடிப்பது எளிது. பெட்டிக்குள் துண்டை வைத்து, ஆவி வரும் வேகத்தை மணிக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் அடர்த்தியை ஓடும் காற்றின் அளவால் பெருக்கினால் அது கிடைக்கும். பிறகு காற்றோட்டத்தை இரண்டு மடங்காக்குங்கள். வேகமும் ஏறினால் காற்றுதான் மந்தம். வேகம் அசையாமல் நின்று அடர்த்தி மட்டும் பாதியானால் பொருள்தான் மந்தம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மாற்றுத் திரவ ரிப்போர்ட் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இரண்டு நடைமுறை விதிகள் மனதில் இருக்கட்டும். பொருள் மந்தமாக இருக்கும்போது தொடக்கத்தில் வேகம் நேரத்தின் இருபடி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்கும். முதல் மணியில் இருந்த வேகம் பாதியாக நான்காவது மணி ஆக வேண்டும், அதிலும் பாதியாகப் பதினாறாவது மணி. முதல் இரண்டு மணி நேர அளவை நேர்கோட்டில் நீட்டி "இரவுக்குள் பூஜ்யம்" என்று போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நடுப்பகுதியும் காலியாகத் தொடங்கிய பின்தான் இறக்கம் வேகமெடுக்கும். அடுத்தது தடிமன். நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப வளரும். 0.4 மிமீ கையுறையும் 1.6 மிமீ பூட்ஸ் சுவரும் ஒரே ரப்பர் என்றால் பூட்ஸுக்குப் பதினாறு மடங்கு நேரம் வேண்டும், நான்கு மடங்கு அல்ல.

இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது, அது எனக்கே பிடித்தமான சிக்கல். கரைப்பான் நிறைய ஊறிய ரப்பர் உப்பித் தளர்ந்துபோகிறது. தளர்ந்த ரப்பருக்குள் மூலக்கூறுகள் வேகமாக ஓடுகின்றன. காயக் காய ரப்பர் இறுகுகிறது, ஓட்டம் குறைகிறது. எனவே கடைசிப் பங்கு வெளியே வருவது முதல் பங்கைப் பார்த்து எதிர்பார்த்ததைவிட மந்தம். இதனால் ஒரு சொட்டு டொலுவீன் வைத்துச் செய்த சோதனை, முழுக்க நனைந்த சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நனைந்ததை வைத்துச் செய்தது, சொட்டு தெறித்த கவராலைப் பற்றிச் சொல்லாது. சம்பவத்தில் எவ்வளவு ஊறியிருக்குமோ அந்த அளவு ஊற்றுங்கள், அதே நேரம் ஊற விடுங்கள். ஊறிய நேரத்தைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஐந்து நிமிடம் நனைந்ததும் ஒரு ஷிஃப்ட் முழுக்க நனைந்ததும் ஒரே எடை காட்டலாம், ஆனால் பின்னதில் திரவம் ஆழத்துக்குப் போயிருக்கும்.

சல்லடை:

அளவீடு பற்றி ஒரு குறுக்கீடு, ஏனென்றால் முதல் பதிவில் பிஐடி என்று பார்த்தேன்.

பிஐடியை ஐசோபியூட்டிலீன் என்ற வாயுவுக்குச் சரிசெய்திருப்பீர்கள். மீட்டருக்குள் 10.6 எலக்ட்ரான்வோல்ட் விளக்கு என்றால், காட்டும் எண்ணைப் பெருக்க வேண்டிய திருத்தக் காரணி பென்சீனுக்கும் டொலுவீனுக்கும் சுமார் 0.5, சைக்ளோஹெக்சேனுக்குச் சுமார் 1.4, எத்தில் அசிடேட்டுக்குச் சுமார் 4.6. தயாரிப்பாளருக்கு ஏற்பக் கொஞ்சம் மாறும், உங்கள் மீட்டரின் கையேட்டைப் பாருங்கள். அதாவது மீட்டர் 10 என்று காட்டினால் அது பென்சீன் என்றால் நிஜத்தில் 5 பிபிஎம், எத்தில் அசிடேட் என்றால் 46. மாற்றுத் திரவங்களை ஒப்பிடும்போது மீட்டர் எண்ணை அப்படியே வரைபடத்தில் போட்டால் எத்தில் அசிடேட் பரம சாதுவாகத் தெரியும்! டொலுவீனுக்கும் பென்சீனுக்கும் காரணி ஒன்றாகவே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது, மீட்டருக்கு எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. சீட் ஃபோமும் வினைலும் தாமாகவே எதையாவது வெளியிட்டுக்கொண்டிருக்கும். முதலில் ஒன்றும் ஊற்றாத துண்டைப் பெட்டியில் வைத்துப் பின்னணியை அளந்துகொள்ளுங்கள். கடைசிக்கட்டத்தில் அளவு 1 பிபிஎம்முக்குக் கீழே போனதும் பிஐடியை ஓரம் கட்டிவிட்டு, உறிஞ்சுகுழாயில் காற்றை இழுத்து, வெப்பத்தால் வெளியேற்றி, ஆவிகளைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபில் பாருங்கள். டெனாக்ஸ் என்ற உறிஞ்சு பாலிமர் நிரப்பிய குழாய் டொலுவீனைப் பிடித்துவிடும். பென்சீனை அது அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது, காற்று அதிகம் இழுத்தால் பின்பக்கம் வழியாக நழுவும். பென்சீனுக்கு கிராஃபைட் கரி நிரப்பிய குழாய் மேல்.

முகமூடி42:

நான் இருப்பது பாதுகாப்பு உடைச் சோதனைப் பக்கம். எங்களிடம் இதே யோசனை வேறு வடிவில் இருக்கிறது. உடை மஸ்டர்ட் என்ற போர் நச்சின் ஆவியைத் தடுக்கிறதா என்று பார்க்க நிஜமானதைப் பயன்படுத்த முடியுமா? மெத்தில் சாலிசிலேட்தான் பயன்படுத்துவோம். தைலத்தில் வருமே, வின்டர்கிரீன் வாசனை, அதுவேதான். ஏஎஸ்டிஎம் எஃப்2588 என்று அதற்குத் தரநிலையே உண்டு. ஆவி நிரப்பிய அறைக்குள் உடை அணிந்த ஆளை நடக்க, குனிய, ஏற வைத்து, தோலில் ஒட்டிய சின்னச் சின்ன உறிஞ்சுபட்டைகளில் எங்கே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

இதை எழுதக் காரணம் இரண்டு. உங்கள் பென்சீனுக்கு மெத்தில் சாலிசிலேட் உதவாது, அது 222 டிகிரியில் கொதிக்கும் மந்தமான திரவம். இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் வந்து விழும், அதை எடுத்துவிடாதீர்கள். இன்னொன்று, மாற்றுத் திரவத்தால் காட்ட முடியாத ஒன்று உண்டு: வேதிவினை. நிஜப்பொருள் ஈரத்தோடோ துணியின் சாயத்தோடோ வினைபுரிந்து சிதைந்தால் மாற்றுத் திரவம் அதைக் காட்டாது. பென்சீன் ஒன்றோடும் சேராத ஜென்மம் என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஆனால் இதே முறையை நாளைக்கு எளிதில் வினைபுரியும் ஐசோசயனேட்டுக்கோ குளோரினுக்கோ நீட்டலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அசைவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் சோதனையில் ஆளை நடக்க வைப்பதே அதற்காகத்தான். அசையாத உடையில் வராத கசிவு, குனிந்தால் வரும். உங்கள் சீட்டையும் பெட்டிக்குள் அமுக்கி அமுக்கி எடுக்க ஒரு ஏற்பாடு செய்யுங்கள்.

கவசக்கை:

எல்லோருக்கும் நன்றி. எழுதியதை வைத்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள். சீட், கவரால், பூட்ஸ் மூன்றுக்கும் டொலுவீன். பேட்டுக்கு சைக்ளோஹெக்சேன். 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் பெட்டிச் சோதனை, காற்றோட்டம் இரண்டு அளவுகளில். கவரால் பருத்தி என்பதால் ஈரமாகவும் ஒருமுறை. கடைசியில் பென்சீனுக்கு மாற்றும் கணக்கை எதில் நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. முழுக்கவே ஊகமாக இருந்தால் மேலிடம் ஒப்புக்கொள்ளாது.

ஆவிபிடி:

ஊகமாக விட வேண்டாம். பென்சீனை முற்றிலும் ஒதுக்க வேண்டியது பெரிய பெட்டியில்தான். பென்சீன் கையாள வசதியுள்ள வெளி ஆய்வகம் ஒன்றிடம் உங்கள் ஃபோம், வினைல், ரப்பர் துண்டுகளைக் கொடுங்கள். மூடிய 20 மில்லி ஹெட்ஸ்பேஸ் குப்பியில் (மேலே காற்றிடம் விட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி) துண்டைப் போட்டு, சில மைக்ரோலிட்டர் பென்சீன் செலுத்தி, சமநிலை வந்ததும் மேலே நிற்கும் காற்றில் எவ்வளவு, பொருளுக்குள் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். அந்த விகிதம்தான் பகிர்வுக் கெழு. டொலுவீனுக்கும் அதையே அளக்கச் சொல்லுங்கள். இரண்டின் விகிதம் 3.3ஐ ஒட்டி வந்தால் டொலுவீன் அந்தப் பொருளுக்கு ஏற்ற பிரதிநிதி, கணக்கு ஊகமில்லை என்று தைரியமாக எழுதலாம். வெகுவாக விலகினால் அந்தப் பொருளுக்கு மட்டும் வேறு திரவம் தேடுங்கள். பொருளுக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள கணக்கு இப்படி முடிந்தது. விரவலுக்கு மட்டும் கொஞ்சம் பாதுகாப்பு இடைவெளி வையுங்கள். நான் என்றால் டொலுவீன் காட்டிய நேரத்தைக் குறைக்கவே மாட்டேன், அப்படியே பென்சீனுக்கும் எடுத்துக்கொள்வேன். தவறினாலும் பத்திரமான பக்கம் தவறும்.

ஆனால் ஒன்று: நேரம் வேறு, உச்ச அளவு வேறு. எப்போது தொடலாம் என்பதற்கு டொலுவீன் நேரம் பத்திரமான பக்கம். முதல் மணியில் அறையில் எவ்வளவு ஏறும் என்பதற்கு அது போதாது, அதற்கு 3.3 பெருக்கல் வேண்டும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் குழப்பிவிடாதீர்கள்.

ஈரமான கவரால் நல்ல யோசனை. பருத்தி சாதாரணமாகவே தன் எடையில் 8 சதவீதம் வரை ஈரம் பிடித்திருக்கும். பென்சீனோ டொலுவீனோ தண்ணீரில் அதிகம் கரையாது என்பதால் உங்கள் தேர்வு அங்கேயும் தாங்கும். எத்தில் அசிடேட்டை எடுத்திருந்தால் லிட்டருக்கு 80 கிராம் அளவில் தண்ணீருக்குள் போய் ஒளிந்துகொண்டு உங்களைச் சுற்றலில் விட்டிருக்கும்.

சூப்பர்வைசரின் வெயில் வைத்தியத்துக்கு ஒரு வார்த்தை. வெப்பம் உதவும் என்பது உண்மை. 20 டிகிரியில் 75 மிமீ இருக்கும் பென்சீன் ஆவியழுத்தம் 35 டிகிரியில் இரட்டிப்பாகிறது. ஆனால் அந்த ஆவி எங்கே போகிறது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள், தீப்பொறி எங்கே இருக்கிறது என்பதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். பென்சீனின் தீப்பற்று வெப்பநிலை மைனஸ் 11 டிகிரி. அதுவும் ஒரு மணி நேரம் என்பது தடித்த பொருளுக்கு வேடிக்கை.

எவ்வளவு மிச்சம் இருந்தால் ஆபத்து என்று மேலிடம் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: 30 கன மீட்டர் மூடிய அறைக்குள் ஒரே ஒரு கிராம் பென்சீன் ஆவியானால் சுமார் 10 பிபிஎம். ஒரு கிராம் என்பது ஒரு மில்லிக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் சீட் ஃபோம் அதைவிட எத்தனையோ மடங்கு குடித்திருக்கும்.

அதனால் சீட்டைப் பற்றி என் கருத்து: சோதனையெல்லாம் வேண்டாம், கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். ஃபோம், வினைல், தையல் என்று மூன்று அடுக்கு, அதோடு அமுக்கம் வேறு. அதற்கு நம்பகமான எண் கண்டுபிடிக்கும் நேரத்தில் நாலு சீட் மாற்றலாம். தோல் பூட்ஸ் யாராவது அணிந்திருந்தாலும் அதே தீர்ப்பு, தோலைச் சுத்தம் செய்ய முடியாது. உங்கள் உழைப்பை ரப்பர் பூட்ஸிலும் கவராலிலும் பேட்டிலும் போடுங்கள், அவைதான் அடிக்கடி வரும்.

பேட்டைச் சேர்த்து வைக்கும் இடத்தையும் பாருங்கள். பாலிதீன் பையில் கட்டி மூலையில் போட்டிருந்தால், பென்சீன் அந்தப் பையின் சுவர் வழியாகவே மெல்ல வெளியே வரும், முடிச்சு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும். மூடியுள்ள உலோக டிரம்தான் சரி.

கவசக்கை:

சீட்டைக் கழற்றச் சொல்லிவிட்டேன். பை இருப்பது நீங்கள் சொன்ன மூலையில்தான், டிரம் வரவழைக்கிறேன். பூட்ஸிலிருந்து சோதனைத் துண்டு எப்படி வெட்டுவது, ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஆவிபிடி:

கணுக்கால் பக்கச் சுவரிலிருந்து ஒன்று, சோலிலிருந்து ஒன்று, தனித்தனியாக. இரண்டும் வேறு வேறு கலவை ரப்பராக இருக்கும், ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது. டொலுவீனை வெளிப்பக்கம் மட்டும் படும்படி ஒரு கிண்ண மூடியில் கவ்வி ஊற வையுங்கள். துண்டை அப்படியே முக்கி எடுத்தால் நாலு பக்கமும் குடித்துவிடும், நிஜ பூட்ஸ் அப்படிக் குடிக்காது. பெட்டிக்குள் வைக்கும் முன் வெட்டிய ஓரங்களை அலுமினியம் டேப்பால் மூடுங்கள். உள்பக்கத் துணி லைனிங்கைப் பிய்க்க வேண்டாம். கால் படுவது அதில்தான், அந்தப் பக்கமிருந்து வரும் ஆவியைத் தனியாக ஒரு முறை அளந்துகொள்ளுங்கள்.